நிலவறையும் வராந்தாவும்

வடக்குக் கலிபோர்னியாவில் நாப்பா பள்ளத்தாக்குக்குள் போகிற நெடுஞ்சாலையின் ஓரத்தில், மரத்தாலான ஒரு பெரிய வரவேற்புப் பலகை நிற்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுவில் அந்தப் பகுதி ஒயின் தயாரிப்பாளர்கள் வைத்தது. உலகப் புகழ் பெற்ற திராட்சைப் பிரதேசத்துக்கு வருகிறவர்களை வரவேற்றுவிட்டு, ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனின் ஐந்தாறு சொற்களையும் அது தாங்கி நிற்கிறது. மதுவையும் கவிதையையும் ஒன்றாக்கிப் பேசும் சொற்கள். காரில் தோட்டம் தோட்டமாக நின்று ஒயினை ருசி பார்த்துப் போகும் தம்பதிகள் இறங்கி, பலகையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வகைப் பயணத்துக்கு ஸ்டீவன்ஸனும் அவர் மனைவி ஃபானியும் 1880-ல் மேற்கொண்ட பயணம் ஒரு பூர்வகதைபோல ஆகிவிட்டது.

சொற்கள் ஸ்டீவன்ஸனுடையவைதாம். வாக்கியம் அவருடையது அல்ல. 1883 என்று தேதியிட்டு வெளிவந்த 'சில்வராடோ ஸ்க்வாட்டர்ஸ்' என்ற சின்ன நூலில், நாப்பா ஒயினைப் பற்றிய அத்தியாயத்தில் அந்தச் சொற்கள் வருகின்றன. அங்கே கலிபோர்னியாவில் திராட்சை பயிரிடுவதைத் தங்கம் தேடும் வேலையோடு ஒப்பிட்டுக்கொண்டு போகிறார். ஒரு மூலை மண்ணில் ஒரு ஜாதிக் கொடியை நட்டுப் பார்க்கிறார்கள். சரிப்படவில்லை என்றால் வேறு மூலை, வேறு ஜாதி. ஒப்பற்ற மதுவைத் தரக்கூடிய மண் எங்கோ இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது இன்னும் யார் கண்ணிலும் படவில்லை, புதர் மூடிக் கிடக்கிறது, கரடிகள்தாம் அங்கே உலவுகின்றன என்று முடிகிறது அந்த நீண்ட வாக்கியம். பலகை வைத்தவர்கள் எழுவாயின் பக்கமாக ஒரு துண்டை நறுக்கி எடுத்துக்கொண்டு பயனிலையை விட்டுவிட்டார்கள். 'இன்னும் கிடைக்கவில்லை' என்றவரை 'இதோ கிடைத்துவிட்டது' என்று சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள்.

விளம்பரத்துக்கு மேற்கோள் தேடுகிறவர்கள் இப்படிச் செய்வது வழக்கம்தான். அதற்காக மட்டும் ஒரு கட்டுரை எழுத வேண்டியதில்லை. ஆனால் பலகை விட்டுவிட்டது ஒன்று என்றால், ஸ்டீவன்ஸனே அந்த அத்தியாயத்தில் விட்டுவிட்டது வேறொன்று. அது என்ன, ஏன் விட்டுப்போயிற்று என்று பார்ப்பது எழுதுகிறவர்களுக்குப் பயனுள்ள காரியம்.

*

நம்மில் பலருக்கு ஸ்டீவன்ஸன் 'புதையல் தீவு' எழுதியவர். அதைத் தாண்டினால் ஜெகிலும் ஹைடும். 1880-ல் இவை இரண்டுமே எழுதப்படவில்லை. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் குடும்பத்தில் எடின்பரோவில் பிறந்து, குலத்தொழிலை விட்டு, அதற்குப் பதிலாகப் படித்த சட்டத்தையும் விட்டு, பிரயாண நூல்கள் இரண்டை வெளியிட்டிருந்த 29 வயது நோயாளி அவர். ஃபானி ஆஸ்போர்ன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், அமெரிக்கர், கணவனைப் பிரிந்து குழந்தைகளோடு ஓவியம் கற்க ஐரோப்பா வந்தவர். 1876-ல் பாரிஸில் கடைசி மகனைப் பறிகொடுத்தார். அதே வருஷம், ஓவியர்கள் கூடுகிற கிரே என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் இருவரும் சந்தித்தார்கள். 1878-ல் ஃபானி கலிபோர்னியா திரும்பினார். மறு வருஷம் ஆகஸ்டில் ஸ்டீவன்ஸன் பெற்றோரிடம் சொல்லாமல் கப்பலேறி, நியூயார்க்கிலிருந்து குடியேறிகளுக்கான ரயிலில் அமெரிக்காவைக் கடந்து அவரைத் தேடிப் போனார். டிசம்பரில் ஃபானிக்கு விவாகரத்துக் கிடைத்தது. 1880 மே 19-ல் சான் பிரான்சிஸ்கோவில் கல்யாணம்.

இடைப்பட்ட குளிர்காலத்தை ஸ்டீவன்ஸன் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வாடகை அறையில் தனியாகக் கழித்தார். முதலில் 50 சென்ட் சாப்பாடு. அதில் அரைப் புட்டி ஒயினும் சேர்த்தி. கையிருப்பு கரைந்ததும் 25 சென்ட் சாப்பாடு. வசந்தத்தில் நோய் முற்றிச் சாவின் விளிம்புக்குப் போனார். ஃபானி பார்த்துக்கொண்டதால் பிழைத்தார். கோபம் தணிந்த தந்தை வருஷத்துக்கு 250 பவுன் தருவதாகத் தந்தி கொடுத்தார். அதன் பிறகுதான் கல்யாணத்துக்கு வழி பிறந்தது. நுரையீரலுக்கு மலைக்காற்று வேண்டும், ஆனால் வாடகை கொடுக்க வசதி போதாது. படகில் வல்லேஹோவுக்கும் அங்கிருந்து ரயிலில் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் உள்ள காலிஸ்டோகாவுக்கும் போனார்கள். வெந்நீர் ஊற்றுகளை நம்பி எழுந்த ஊர் அது. சில நாட்கள் அங்கே தங்கிவிட்டு, செயின்ட் ஹெலனா மலையில் கைவிடப்பட்ட சில்வராடோ வெள்ளிச் சுரங்கத்தின் தொழிலாளர் கொட்டகையில் வாடகையில்லாமல் குடியேறினார்கள். உடன் ஃபானியின் 12 வயது மகன், ஒரு நாய். 'ஸ்க்வாட்டர்' என்றால் உரிமையில்லாத இடத்தில் போய்க் குடியிருப்பவன் என்று பொருள்.

பாழடைந்த சுரங்கத்தில் தேனிலவு என்பது ஸ்டீவன்ஸனுக்கு சாகசம். ஃபானிக்கு அப்படியிருக்க வாய்ப்பில்லை. 1860-களில் முதல் கணவனோடு நெவாடாவின் வெள்ளிச் சுரங்க முகாம்களில் குடித்தனம் நடத்தியவர் அவர். கதவும் ஜன்னலும் போன கொட்டகையில் மரச்சட்டம் அடித்துத் துணி கட்டி மறைப்புச் செய்வது எப்படி என்று தெரிந்தவர். அந்தக் கோடையில் அவரும் மகனும் தொண்டை அடைப்பான் கண்டு, குணமாகும்வரை காலிஸ்டோகாவுக்கு இறங்கிவந்து தங்க வேண்டியிருந்தது. புத்தகம் இதையெல்லாம் இரண்டொரு வரியில் தொட்டுவிட்டுப் போகிறது.

*

ஒயின் அத்தியாயம் ஒரு இரங்கற்பாவாகத் தொடங்குகிறது. அப்போது பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் செத்துக்கொண்டிருந்தன. ஃபிலாக்ஸெரா என்ற நுண்பூச்சி, வேரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சிக் கொடியைக் கொல்வது, 1860-களில் தெற்கு பிரான்சில் தோன்றிப் பரவியது. 1868-ல்தான் பூச்சியை அடையாளம் கண்டார்கள். அது வந்தது அமெரிக்காவிலிருந்து. அமெரிக்கக் காட்டுக்கொடி அந்தப் பூச்சியோடு பழகியது, தாங்கும். ஐரோப்பியக் கொடி தாங்காது. கடைசியில் பரிகாரமும் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது: அமெரிக்கக் கொடியின் வேர்ப்பாகத்தின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவது. ஸ்டீவன்ஸன் எழுதியபோது இந்த வைத்தியம் முழுதாக நிலைபெறவில்லை. ஆகவே பெயர் பெற்ற பிரெஞ்சு ஒயின்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வழியனுப்புகிறார். பழைய உலகத்தின் மது முடிந்தது, புதிய உலகத்தின் மது தொடங்கவில்லை. இந்த இடைவெளியில் நின்றுதான் நாப்பாவைப் பார்க்கிறார். பலகையில் இருக்கும் சொற்களுக்குப் பின்னால் உள்ள மனநிலை இது. கொண்டாட்டத்தைவிட ஏக்கமே அதில் அதிகம்.

அடுத்து வருகிற ஒரு சம்பவம் இன்னும் கவனிக்கத்தக்கது. சான் பிரான்சிஸ்கோவின் ஒயின் வியாபாரி ஒருவர் தம் கிடங்கைச் சுற்றிக் காட்டிவிட்டு, கலிபோர்னிய ஒயினை அமெரிக்கர்கள் ஏன் குடிப்பதில்லை என்பதற்குக் காரணம் இதோ என்று சிறு சிறு இழுப்பறைகள் கொண்ட ஒரு அலமாரியைத் திறக்கிறார். உள்ளே கட்டுக்கட்டாக லேபிள்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கிரீடம் பதித்தவை, பிரெஞ்சு மாளிகைகளின் பெயர் தாங்கியவை. ஸ்டீவன்ஸனுக்கு ஒயின் தெரியும். ஆனால் இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. விசாரித்தால், வியாபாரி தாம் படித்த நாவலிலிருந்து எடுத்து வைத்த பெயர் என்று தெரிகிறது. உள்ளூர்ச் சரக்கு, கற்பனை மாளிகை. உள்ளூர்ப் பெயரில் விற்றால் வாங்க ஆளில்லை.

இலக்கியமும் ஒயினும் உண்மையில் சந்தித்துக்கொள்ளும் இடம் இந்த அலமாரிதான். மதுவைக் கவிதை என்பது உவமை. நாவலில் வந்த பெயர் புட்டியின் மேல் ஒட்டிக்கொண்டு விற்பனைக்குப் போவது நடப்பு. பலகைக்காரர்கள் உவமையை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டீவன்ஸனே ஒரு லேபிளாகிவிட்டார்.

*

ருசி பார்க்க அவர் நின்ற இடங்களில் இரண்டை அந்த அத்தியாயம் விரிவாகச் சொல்கிறது. முதலாவது, ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டம். கல்யாணமாகாதவர். சின்ன மரவீடு, அருகே குன்றில் குடைந்த சின்ன நிலவறை, ஒரு துண்டு திராட்சை. கொடிகளும் இளசு, வியாபாரமும் இளசு. சொந்த ஊர்ப் பேச்சில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டதில் ஸ்டீவன்ஸனுக்கு அளவில்லாத சந்தோஷம். அந்தக் கொடிகள் முழுவதையும் அந்த மனிதர் தனி ஆளாக நட்டு, தனி ஆளாகப் பராமரிக்கிறார் என்பதை மறக்காமல் குறித்துவைக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடம் ஷ்ராம்ஸ்பர்க். ஜேக்கப் ஷ்ராம் ஜெர்மனியிலிருந்து வந்தவர், தொழிலால் நாவிதர். 1862-ல் இங்கே மலைச்சரிவில் நிலம் வாங்கித் திராட்சை நட்டார். தோட்டம் வைத்த பிறகும் வெகுநாள் சவரக் கத்தியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்கு முழுவதும் நடந்திருக்கிறார். ஸ்டீவன்ஸன் போனபோது பெரிய வீடு, பூக்கள், வராந்தாவில் பதப்படுத்திய பறவைகள், மலைக்குள் ஆழமாகப் போகும் நிலவறைகள். ஷ்ராமின் மனைவி வராந்தாவில் ஃபானிக்குத் துணையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, ஆண்கள் இருவரும் நிலவறைக்குள் போகிறார்கள். அங்கே ருசி பார்த்தல் ஒரு சடங்கைப்போல நடக்கிறது. சிவப்பு, வெள்ளை, பர்கண்டி வகை, ரைன் வகை என்று ஒன்று விடாமல். ஒவ்வொரு வாய்க்கும் ஷ்ராம், பெருமையும் பதற்றமுமாக, விருந்தாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நுணுக்கமான எழுத்து இது. வசதி வந்த பிறகும் ஒரு தொழிலாளியிடம் தங்கியிருக்கும் கூச்சத்தை ஒரே பார்வையில் பிடித்துவிடுகிறார். எழுத்தாளர்களுக்கு இந்தக் காட்சி வேறு விதத்திலும் பழக்கமானது. கவிதையைப் படிக்கக் கொடுத்துவிட்டு, படிப்பவன் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்த அனுபவம் யாருக்குத்தான் இல்லை?

ஆனால் ஃபானி எங்கே போனார்? அத்தியாயத்தில் அதன் பிறகு அவர் பேசவில்லை. தம்பதியாகக் கிளம்பிய பயணம், ருசி பார்க்கும் இடம் வந்ததும் ஒருமையாகிவிடுகிறது. ஃபானியின் வாய்க்கு ஒரு கோப்பையாவது எட்டியதா என்று புத்தகம் சொல்வதில்லை. அந்தக் காலத்து நடைமுறை அப்படி, வராந்தா பெண்களுக்கு, நிலவறை ஆண்களுக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் ஃபானி எழுதத் தெரியாதவர் அல்ல. பத்திரிகைகளில் கதைகள் வெளியிட்டவர். பிற்பாடு அவர்கள் தென்கடலில் போன ஒரு கப்பல் பயணத்தின் நாட்குறிப்பு, அவர் இறந்த 1914-ல் நூலாக வந்தது. நாப்பா ஒயினைப் பற்றி இரண்டு கட்டுரைகள் இருந்திருக்கலாம். நமக்குக் கிடைத்தது நிலவறைக் கட்டுரை மட்டுமே.

*

அந்த நிலவறைக்குத் திரும்புவோம். மலைக்குள் வெகுதூரம் தோண்டப்பட்டது, தூண்கள் தாங்கி நிற்பது, கொள்ளைக்காரர் குகையைப் போன்றது என்று வர்ணிக்கிறார் ஸ்டீவன்ஸன். தோண்டப்பட்டது. செயப்பாட்டுவினை. யாரால்?

சீனத் தொழிலாளர்களால். கலிபோர்னியாவையும் கிழக்கையும் இணைத்த ரயில்பாதை 1869-ல் முடிந்தது. மேற்குப் பகுதியில் மலைகளைக் குடைந்து அந்தப் பாதையைப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். அந்த வேலை முடிந்த பிறகு பள்ளத்தாக்குகளுக்கு வந்து கொடி நட்டார்கள், அறுவடை செய்தார்கள், கல் சுவர் எழுப்பினார்கள், நாப்பாவின் பழைய நிலவறைகளைக் குடைந்தார்கள். ஷ்ராம்ஸ்பர்கின் குகைகளும் அவர்கள் கைவேலை.

ஸ்டீவன்ஸனுக்கு இது கண்ணில் படாத விஷயமாக இருந்திருக்க முடியாது. அவர் சான் பிரான்சிஸ்கோவில் தங்கியிருந்த குளிர்காலத்தில் அந்த நகரத்தின் பெரிய அரசியலே சீனர்களை வெளியேற்றும் கோஷம்தான். டெனிஸ் கியர்னியின் தொழிலாளர் கட்சி அந்தக் கோஷத்தின் மேல் வளர்ந்தது. கம்பெனிகள் சீனர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று கலிபோர்னியா தன் 1879 அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. ஷ்ராம் வீட்டு விருந்துக்கு இரண்டு வருஷம் கழித்து, 1882-ல், சீனத் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் கொண்டுவந்தது. அது 1943 வரை நீடித்தது.

ஸ்டீவன்ஸன் இந்தக் கோஷத்தோடு சேர்ந்தவரும் அல்லர். 1879-ல் போன ரயில் பயணத்தைப் பற்றிய கட்டுரை 1883-ல் பத்திரிகையில் வந்து, 1892-ல் நூலாயிற்று. இகழப்படும் இனங்களைப் பற்றி அதில் ஒரு தனிப் பகுதியே உண்டு. குடியேறிகள் ரயிலில் சீனர்களுக்குத் தனிப் பெட்டி. அவர்கள் அழுக்கானவர்கள் என்று வெள்ளையர் பெட்டியில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் நாள் தவறாமல் கழுவித் துடைத்துக்கொள்வது அவர்கள்தாம், நாற்றமடிப்பது நம் பெட்டி என்று ஸ்டீவன்ஸன் எழுதுகிறார். தம் மூதாதையர் பன்றி மேய்க்கத் தொடங்குவதற்கு முன்பே நட்சத்திரங்களைக் கணித்தவர்களின் வழிவந்தவர்கள் என்று அவர்களை மரியாதையோடு பார்க்கிறார். இதே கட்டுரையில் ரயில்பாதை போடப்பட்ட கதையை நினைக்கும்போதும், சாகசக் கதையின் தோரணையில்தான் என்றாலும், சீனத் தொழிலாளர்கள் அவர் மனக்கண்ணில் வருகிறார்கள். அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் இந்த அளவு நியாய உணர்ச்சி எளிதில் கிடைப்பதல்ல.

அப்படியானால் ஒரே மனிதனின் கண், ரயிலில் திறந்திருந்தது நிலவறையில் ஏன் மூடிக்கொண்டது? முன்னதில் உயர்ந்தார், பின்னதில் சறுக்கினார் என்று மதிப்பெண் போடுவது விமர்சனமாகாது. எந்த இடத்தில் நின்று பார்த்தார் என்று கேட்க வேண்டும். ரயிலில் அவர் பலகையில் படுத்து வந்த ஏழைப் பயணி. சாப்பாட்டுக்கு எங்கே நிற்கும் என்று கேட்டால் கண்டக்டர் பதில் சொல்லாமல் முதுகைத் திருப்பிக்கொள்கிறான். தான் இகழப்பட்டபோது, பக்கத்துப் பெட்டியில் தன்னைவிட இகழப்பட்டவர்கள் தெரிந்தார்கள். நிலவறையில் அவர் விருந்தாளி. கையில் கோப்பை. எதிரே வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். விருந்தாளியின் கண்ணுக்கு வீட்டுக்காரரின் உழைப்பு தெரிகிறது: தனி ஆளாக நட்ட கொடிகள், சவரக் கத்தியோடு நடந்த மைல்கள். உழைப்பைக் காணும் கண் அவரிடம் இல்லாமல் போகவில்லை. உடைமையாளரின் உழைப்பிலேயே அது நின்றுவிடுகிறது. உடைமையில்லாதவனின் உழைப்பு வந்ததும் வினை செயப்பாட்டுவினையாகி, செய்தவன் வாக்கியத்திலிருந்து மறைந்துபோகிறான்.

குகை முன்பே தோண்டி முடிந்திருக்கலாம், தோண்டியவர்கள் அன்று அங்கே இல்லாதிருக்கலாம் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஷ்ராம் சவரக் கத்தியோடு நடந்ததும் முன்பே முடிந்துபோன கதைதான். அது சொல்லப்பட்டது, இது சொல்லப்படவில்லை. கேட்கப்படவும் இல்லை. அழைப்பின்பேரில் போய் எழுதப்படும் பிரயாணக் கட்டுரைகள் எந்த மொழியிலும் உண்டு. கெட்ட எண்ணமோ பொய்யோ இல்லாமலே அவற்றில் உண்மை குறைந்துபோவது இப்படித்தான்.

*

பிற்பாடு நடந்தவை அந்த அத்தியாயத்துக்கு விசித்திரமான அடிக்குறிப்புகள். பிரான்சுக்காக அழுத பூச்சி நாப்பாவுக்கும் வந்தது. 1890-கள் முடிவதற்குள் பள்ளத்தாக்கின் கொடிகளில் பெரும்பகுதி அழிந்தது. ஷ்ராம் 1905-ல் இறந்தார். 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. மிஞ்சிய தோட்டங்களில் பல கைவிடப்பட்டன. 1965-ல் ஜாக் டேவிஸ், ஜேமி டேவிஸ் என்ற தம்பதி ஷ்ராம்ஸ்பர்கை வாங்கி, நுரைக்கும் வெள்ளை ஒயின் செய்யத் தொடங்கினார்கள். 1972 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் பீக்கிங் போனபோது, சூ என்லாயோடு நடந்த விருந்தில் பரிமாற அமெரிக்கர்கள் எடுத்துப்போனது இந்த ஷ்ராம்ஸ்பர்க் ஒயினைத்தான். சீனர்கள் தோண்டிய குகையின் பெயர் தாங்கிய புட்டி, நூறு வருஷம் கழித்துச் சீனத் தலைநகரில் திறக்கப்பட்டது. அதை ஒரு ராஜதந்திர வெற்றியாக உலகம் பார்த்தது. தோண்டியவர்களின் பேச்சு அந்த மேஜையிலும் எழுந்ததாகத் தெரியவில்லை.

நான்கு வருஷம் கழித்து, 1976 மே 24-ல், பாரிஸில் ஒரு போட்டி. புட்டிகளின் லேபிள்களை மறைத்துவிட்டு, பிரெஞ்சு நடுவர்களுக்குப் பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னிய ஒயினையும் கலந்து கொடுத்தார்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் பெற்றவை நாப்பா ஒயின்கள். வெள்ளையில் வென்றது காலிஸ்டோகாவின் ஷாட்டோ மாண்டலீனா. ஸ்டீவன்ஸன் தேனிலவு கழித்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்த நிறுவனம். பெயரும் அந்த மலையின் பெயரிலிருந்து வந்தது. சான் பிரான்சிஸ்கோ வியாபாரியின் அலமாரிக்கு இப்படி ஒரு பதில் கிடைத்தது: லேபிளை மறைத்தால்தான் நாக்கு உண்மை பேசும். ஆனால் வென்ற புட்டியின் பெயர் 'ஷாட்டோ' என்ற பிரெஞ்சு மாளிகைச் சொல்லில்தான் தொடங்குகிறது. நாக்கு விடுதலை பெற்றது, லேபிள் பெறவில்லை.

*

ஸ்டீவன்ஸனின் கடைசி வருஷங்களையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. 1890 முதல் அவரும் ஃபானியும் பசிபிக் கடலில் சமோவா தீவில் வாழ்ந்தார்கள். ஜெர்மனியும் பிரிட்டனும் அமெரிக்காவும் அந்தத் தீவின் அரசியலில் கைவைத்ததைக் கண்டித்து 1892-ல் ஒரு சரித்திர நூல் எழுதினார். மறு வருஷம் தோற்ற தரப்பின் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டபோது, உணவும் புகையிலையும் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். 1894-ல் விடுதலையானதும் அந்தத் தலைவர்கள், தங்கள் நன்றிக்கு அடையாளமாக, அவர் வீட்டுக்கு ஒரு பாதை போட்டுத் தந்தார்கள். வேலை முடிந்ததும் ஒரு அறிவிப்பு வைத்தார்கள். ஸ்டீவன்ஸன் தங்களுக்குக் காட்டிய அன்பைச் சொல்லி, இந்தப் பாதையைத் தாங்களே தோண்டினோம் என்று செய்வினையில், தன்மையில் எழுதி, அதன் கீழே ஒவ்வொருவர் பெயரும். அக்டோபரில் நடந்த விருந்தில் ஸ்டீவன்ஸன் அவர்கள் முன் பேசினார். முகத்தில் கரி பூசிச் சண்டைக்குப் போகிறவனைவிட, பாதை போடுகிறவனும் மரம் நடுகிறவனும் அறுவடை செய்கிறவனுமே சமோவாவைக் காப்பவன் என்பது அந்தப் பேச்சின் சாரம்.

நாப்பா நிலவறையில் கேட்கத் தோன்றாத கேள்விக்கு, பதினான்கு வருஷம் கழித்து, கேட்காமலே விடை கிடைத்தது. தோண்டியவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிவைத்தார்கள். அவர்கள் தலைவர்கள் என்பதால் அது முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாப்பாவின் சீனத் தொழிலாளிக்குப் பலகை வைக்க இடமோ, வைத்தால் படிக்க ஆளோ இருக்கவில்லை.

1894 டிசம்பர் 3 மாலை, ஸ்டீவன்ஸன் வீட்டு நிலவறையிலிருந்து பழைய பர்கண்டி ஒரு புட்டி எடுத்து வந்தார். வராந்தாவில் ஃபானியோடு சேர்ந்து இரவுச் சாப்பாட்டுக்கு ஏதோ கலந்துகொண்டிருந்தபோது மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்தார். அன்றிரவே இறந்தார். வயது 44.

சில்வராடோவில் கொட்டகை இருந்த இடம் இப்போது அவர் பெயரால் அமைந்த அரசாங்கப் பூங்காவில் இருக்கிறது. செயின்ட் ஹெலனா ஊரில் அவருக்கு ஒரு காட்சிசாலை உண்டு. நெடுஞ்சாலைப் பலகை அவருடைய சொற்களோடு நின்றுகொண்டிருக்கிறது. ஷ்ராம்ஸ்பர்கின் குகைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, சுவரில் சீனத் தொழிலாளர்களின் கடப்பாரைத் தடங்களைக் காட்டுகிறார்கள். அந்தத் தடங்கள் 1880-லும் அங்கேதான் இருந்தன.